தொட்டாச்சிணுங்கி கரையேறவில்லை

தொட்டாச்சிணுங்கி என்று அவளுக்குப் பெயர் வைத்தது பள்ளிக்கூடம். யாராவது கையைப் பிடித்து இழுத்தால் போதும், பிடித்த இடத்தில் கொப்புளம் எழும்பிவிடும். புதுச் செருப்பு போட்டால் குதிகால் போச்சு. அவளைத் தூக்கிக்கொண்டு அம்மா ஏறாத ஆஸ்பத்திரிப் படி இல்லை. சூடு என்றார்கள், அலர்ஜி என்றார்கள், ஒட்டிக்கொள்ளும் என்று தனித் தட்டு வைக்கச் சொன்னவர்களும் உண்டு. கடைசியில் ஒரு தோல் டாக்டர்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"நம்ம தோல்ல இருக்கற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கெரட்டின்னு புரத இழைங்க வலை மாதிரி ஓடுது. செல்லுக்கு உருவம் குடுக்கறதும், உரசினா கிழியாம தாங்கறதும் அந்த வலைதான். உங்க பொண்ணுக்கு அந்த இழைங்க ஒழுங்காப் பின்னிக்காம கட்டிகட்டியா சுருண்டுடுது. லேசா உரசினாலே செல் கிழிஞ்சு, அங்க தண்ணி கோத்துக்குது."

"ஒட்டுமா டாக்டர்?" என்றாள் அம்மா.

"பிறவியிலேயே வர்றதும்மா. மரபணுவுல ஒரு எழுத்து மாறிப்போச்சு, அவ்வளவுதான். யாருக்கும் ஒட்டாது."

வளர்ந்து ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போன பிறகு அவள் அதையே சொல்லிச் சிரிப்பாள்: "ஊரார் பிழையெல்லாம் திருத்தறேன், எனக்குள்ள இருக்கற ஒரு பிழை மட்டும் கைக்கு எட்டலை."

வெயில் காலத்தில் கொஞ்சம் நடந்தாலே பாதம் கொப்பளித்துவிடும். தண்ணீருக்குள் மட்டும்தான் எதுவும் உரசாது. அதனால் பெண்களுக்கான நேரத்தில் நீச்சல் குளத்துக்குப் போவாள். தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் அண்ணி, துணைக்கு வந்து கரையில் உட்கார்ந்திருப்பாள். கொப்புளம் உடைந்திருக்கும் நாட்களில் அவளே போகமாட்டாள்.

அன்று உடையாத கொப்புளங்கள் இருந்த காலோடு அவள் குளத்தின் நடுவில் நீந்திக்கொண்டிருந்தபோது, படியோரம் நின்ற ஒரு பெண்மணி அலறினாள்.

"ஐயையோ, அந்தக் காலைப் பாருங்க! என்ன வியாதியோ!"

மேற்பார்வைக்காரி விசில் ஊதினாள். அடுத்த நிமிடம் அத்தனை பேரும் அடித்துப்பிடித்துக் கரையேறினார்கள். அவள் ஏறவில்லை.

"மேடம், மேல வாங்க. எல்லாரும் பயப்படறாங்க," என்றாள் மேற்பார்வைக்காரி.

"இது ஒட்டாது. பிறவியில வந்தது."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்? டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாங்க."

"வேற யார்கிட்டயாவது சர்டிபிகேட் கேட்டீங்களா? இப்பக் கத்தினாங்களே, அந்தம்மா தண்ணியிலேயே மூக்கு சிந்தினாங்க. பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அலறிய பெண்மணிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"வரப்போறீங்களா இல்லையா?"

"வரமாட்டேன். வேணும்னா இறங்கி என்னை இழுத்துட்டுப் போங்க. நீங்க பிடிக்கற இடத்துல கொப்புளம் வரும். அது உங்க கை பண்ணின வேலையா இருக்கும்."

மேற்பார்வைக்காரி இறங்கவில்லை.  சொன்னவளுக்கு அழுகை வந்தது. அழுதால் கரையேறிவிடுவோம் என்று தெரிந்து, அதை விழுங்கிக்கொண்டு மல்லாந்து மிதந்தாள்.

அப்போதுதான் அண்ணி எழுந்தாள். போட்டிருந்த உடுப்போடு, கம்பியை இறுகப் பிடித்தபடி, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். பல் கிடுகிடுத்தது.

"அண்ணி! உங்களுக்கு நீச்சல் தெரியாதே!"

"தெரியாதுதான். சீக்கிரம் வந்து பிடிச்சுக்கோ, இல்லேன்னா முழுகிடுவேன்."

அவள் விரைந்து நீந்தி வந்தாள். அந்தப் பயத்திலும் அண்ணி அவள் கையை இறுக்கவில்லை. தன் உள்ளங்கையை அடியில் கொடுத்து ஏந்திக்கொண்டாள். பிறகு கரையைப் பார்த்துச் சொன்னாள்: "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இவளோட ஒரே வீட்டுல இருக்கேன். எனக்கு ஒட்டினது இவளோட வாய்த்துடுக்கு மட்டும்தான்!"

இரண்டு பேர் சிரித்துக்கொண்டே மறுபடி இறங்கினார்கள். மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தது: தோல் நோய் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை.

"போர்டைப் பார்த்தீங்களா?" என்று மறித்தாள் மேற்பார்வைக்காரி.

"பார்த்தேன். எழுதச் சொன்னவங்களைக் கூப்பிடுங்க, பேசிக்கலாம். அதுவரைக்கும் தண்ணியில இருக்கேன்."

சொன்னபடியே இறங்கிவிட்டாள். குளத்தின் நிர்வாகி அம்மாள் கோபமாகத்தான் வந்தாள். தண்ணீரில் நின்றபடியே தொட்டாச்சிணுங்கி கெரட்டினிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். நிர்வாகி தனக்குத் தெரிந்த ஒரு டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, மேற்பார்வைக்காரியிடம், "ஒட்டாதாம், விடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பலகையைக் கழற்றவும் யாருக்கும் மனம் வரவில்லை. அலறிய பெண்மணி வேறு நேரத்துக்கு மாறிக்கொண்டாள். அண்ணி இப்போது இடுப்பளவுத் தண்ணீர் வரை வருகிறாள். அதற்கு மேல் கூப்பிட்டால் திட்டுகிறாள்.