கோட்டுப் பையில் ஒரு கைப்பிடி

"அண்ணி, ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது" என்று வெண்டல் ஒரு தட்டை நீட்டியபோது லோர்னாவின் கையில் ஏற்கெனவே ஒரு தட்டு இருந்தது. தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் அவளைப் பார்த்தவர்களெல்லாம் ஆளுக்கொரு தட்டைத் திணித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, நூடுல்ஸும் டியூனா மீனும் சேர்த்துச் சுட்ட பதார்த்தம், தொட்டால் ஆடும் பச்சை ஜெல்லி. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் தொண்டையில் காப்பியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. அது தெரிந்திருந்தாலும் தட்டைத்தான் நீட்டியிருப்பார்கள். மின்னசோட்டாவின் இந்த வடக்கு மூலையில் துக்கத்துக்கு வேறு மருந்து கிடையாது.

வெண்டல், இறந்துபோன டெல்பர்ட்டின் தம்பி. ஐம்பத்தாறு வயதாகியும் வாய் மட்டும் அடங்காத ஆள்.

"அந்தச் சவப்பெட்டிக்காரர் ஹால்வர்சன் இருக்காரே, அவர்கிட்ட கேட்டேன். மான் சீசன் தொடங்குற வாரம் போறாரு எங்கண்ணன், பையில ஒரே ஒரு தோட்டா வெச்சு அனுப்பலாமான்னு. மனுஷனுக்கு மூஞ்சி வெளிறிப் போச்சு. எரிக்கப் போறோம், தோட்டா கீட்டா மூச்சே விடாதேன்னுட்டார்."

"சரி."

"நான் விடுவேனா? வெடிச்சு முடிஞ்ச பிரைமர் இருக்குல்ல, நிலவறை மேசை மேல, பாட்டில்ல? அதுல ஒரு கைப்பிடி அள்ளிட்டு வந்து, பெட்டி மூடுறப்ப அண்ணன் கோட்டுப் பையில போட்டுட்டேன். செத்த சாமான்தானே, அது என்ன பண்ணும்? முப்பத்தஞ்சு வருஷமா அதைத்தானே நோண்டிக்கிட்டுக் கிடந்தாரு."

அவன் சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணும் கலங்கியது. லோர்னா சிரிக்கவில்லை.

"எந்த பாட்டில்?"

"ஊறுகாய் பாட்டில். ஒண்ணுதானே இருந்துச்சு."

தட்டு சரிந்து ஜெல்லி தரையில் விழுந்தது. இரண்டாக இருந்ததை ஒன்றாக்கியவள் அவள்தான்.

டெல்பர்ட் வேட்டைக்கான தோட்டாக்களைக் கடையில் வாங்கியதில்லை. சுட்டுக் காலியான கூடுகளைப் பொறுக்கி வந்து, நிலவறையில் உட்கார்ந்து மறுபடி மருந்து நிரப்புவார். ஒவ்வொரு கூட்டின் அடியிலும் மிளகளவில் ஒரு பிரைமர் இருக்கும். துப்பாக்கி ஊசி தட்டியதும் முதல் பொறி அதிலிருந்துதான் கிளம்பும். ஒரு தடவை வெடித்தால் அதன் கதை முடிந்தது. மேசையில் திருகிவைத்த அழுத்தியின் கைப்பிடியை இழுத்து அதைத் தட்டி வெளியேற்றி, ஊறுகாய் பாட்டிலில் சேர்ப்பார். பாட்டில் நிறைந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு பழைய பித்தளை எடுப்பவரிடம் கொண்டுபோவார். குப்பையில் கொட்ட மாட்டார், ஈயம் மண்ணில் இறங்கும் என்பார்.

இன்னொரு பாட்டிலும் இருந்தது, சின்னது, சிவப்பு டேப் ஒட்டியது. தலைகீழாக உட்கார்ந்தவை, நசுங்கியவை என்று வெடிக்காமலே கழற்றியெடுத்த பிரைமர்கள் அதில் எண்ணெய்க்குள் கிடந்தன. எண்ணெயில் ஊறினாலும் அதற்கு உயிர் போகாது, நம்பக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வருஷத்துக்கு ஒரு தடவை, அரசாங்கம் ஆபத்தான கழிவு வாங்கும் நாளில், அதைத் தனியாக எடுத்துப்போவார். ஒரே குப்பைக்கு எதற்கு இரண்டு பாட்டில் என்று லோர்னா அவரைக் கேலி செய்திருக்கிறாள்.

ஹால்வர்சன் இன்னும் கூடத்தில்தான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் காப்பிக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு போனை எடுத்தார். தகன நிலையத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெட்டியைக் கொண்டுபோன வண்டியோட்டிக்கும் அடித்தார். காட்டுப் பாதையில் சிக்னல் இல்லை.

"உலையைச் சூடாக்க ஆரம்பிச்சாச்சுன்னா அந்த இரைச்சல்ல போன் கேக்காதும்மா. மூணு மணிக்கு உள்ள ஏத்துவாங்க."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டேகால். நாற்பது மைல், பனி விழுந்த சாலை.

"நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன், நீங்க கிளம்புங்க" என்றார் ஹால்வர்சன். வெண்டல் அதற்குள் சாவியை எடுத்திருந்தான்.

ஊர் எல்லை தாண்டியதும் வெண்டல் வேகத்தைக் கூட்டினான்.

"அதைப் போய் எதுக்கு அண்ணி கலந்தீங்க?"

"தெரியலை."

"தெரியலைன்னா?"

"ஆம்புலன்ஸ் போயிடுச்சு. எல்லாரும் வரப் போறாங்க. வீடு போட்டது போட்டபடி கிடக்கு. கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு, வெண்டல். துடைச்சேன், பெருக்கினேன். அந்தச் சின்ன பாட்டில்ல கறுப்பா எண்ணெய்... பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. வடிச்சுட்டு எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டேன்."

மேசையைத் துடைத்தபோது அழுத்தியின் கைப்பிடி பாதி இறங்கிய நிலையில் நின்றிருந்தது. செவ்வாய்க்கிழமை சாப்பிட வாங்க என்று அவள் டெல்பர்ட்டை இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாள். மூன்றாவது தடவை கோபமாகப் படியிறங்கினாள். அவர் கை அந்தக் கைப்பிடியிலேயே இருந்தது, தலை மட்டும் கவிழ்ந்திருந்தது. சூப் ஆறுது என்று அவரிடம் சொல்லியும் விட்டாள். இதயம் நின்று அரை மணியாவது ஆகியிருக்கும் என்றார்கள் பிறகு. ஆறின சூப்புக்காகச் செத்த மனுஷனிடம் சண்டை போட்டவள் உலகத்தில் வேறு யாராவது இருப்பாளா என்று நாலு நாளாக அவளுக்கு அதே நினைப்பு.

"முப்பத்தஞ்சு வருஷத்துல அவர் கையால யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்ல. இன்னிக்கு யாருக்காவது கண்ணு போச்சுன்னா, அது நான் பண்ணினது" என்றாள்.

"போட்டது நானில்லையா?"

"நீ கேலிக்குப் போட்டே. பேசாம ஓட்டு."

வளைவில் ஒரு பெண்மான் சாலை நடுவில் நின்றிருந்தது. வெண்டல் பிரேக்கை மிதிக்க வண்டி ஒரு பக்கமாக வழுக்கி நின்றது. "இன்னிக்குத்தான் வரணுமா, சனியனே!" என்று கண்ணாடியை இறக்கிக் கத்தினான். மான் அவர்களைப் பார்த்துவிட்டு அவசரமே இல்லாமல் காட்டுக்குள் இறங்கியது. இரண்டு நிமிஷம் போயிற்று.

தகன நிலையம் தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம். மூன்று அடிக்க நாலு நிமிஷம் இருந்தபோது லோர்னா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். உலை இரைந்துகொண்டிருந்தது. உலைக் கதவுக்கு எதிரே உருளைகள் மேல் டெல்பர்ட்டின் மரப்பெட்டி. அதன் தலைமாட்டில் இரைச்சல் கேட்காமலிருக்கக் காதுக்கு மூடி மாட்டிய ஒரு பெண் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிறுத்துங்க!"

கேட்கவில்லை. லோர்னா போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"யாரு நீங்க? இங்கல்லாம் வரக் கூடாது மேடம்."

"அவர் பெண்சாதி. பையில பிரைமர் இருக்கு. உயிரோட இருக்கு."

மார்கிட் என்று சட்டையில் பெயர் தைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தப் பக்கத்தில் வேட்டைக்குப் போகாத வீடு ஏது? போய் விசையை அணைத்தாள். இரைச்சல் நின்றது.

"ஒண்ணா ரெண்டா?"

"ஒரு கைப்பிடி. எத்தனை வெடிக்கும்னு தெரியாது."

மார்கிட் கையுறையைக் கழற்றினாள். "அந்த ஓட்டை தெரியுதா, உலைக் கதவுல? அது வழியாக் கண்ணை வெச்சுப் பாக்குறது நான்தான். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு, மேடம்."

"மன்னிச்சிருங்க" என்றான் வெண்டல். சுவரோரம் குந்தி முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.

மூடியைத் திறந்தார்கள். லோர்னா கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். இரண்டே இரண்டுதான் விரலில் பட்டன. பையின் மூலையில் ஓட்டை. மற்றதெல்லாம் அது வழியாக இறங்கி, கோட்டின் உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில் ஓரம் முழுக்கப் பரவியிருந்தது. மார்கிட் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை ஓரத்தோடு வெட்டி, ஒவ்வொன்றாக நெருடியெடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டார்கள். முதுகுக்கு அடியில் உருண்டுபோனவற்றுக்காக மார்கிட் அவரை ஒருபக்கமாகத் தூக்கிப் பிடிக்க, லோர்னா தோளிலிருந்து இடுப்புவரை தடவிப் பார்த்தாள். இத்தனை நாளில் அவள் அவரைத் தொட்டது இப்போதுதான். குளிர்ந்து, கட்டை மாதிரி இருந்தார். அவளுக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் மார்கிட்.

லோர்னா இன்னொரு முறை தடவினாள், மெதுவாக. "அவ்வளவுதான்."

வெட்டிய கோட்டை நேராக்கி மடித்துவிட்டாள். ஹால்வர்சனின் ஆட்கள் அவர் முகத்துக்கு மாவு பூசி, கன்னத்தில் ரோஜா நிறம் ஏற்றியிருந்தார்கள். தேவாலயத்தில் மூன்று தடவை பார்த்தும், மூன்று தடவையும் யாரோ ஒருத்தர் படுத்திருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது. சட்டைக் காலர் புரண்டிருந்தது. அதைச் சரிசெய்தபோது அவள் கட்டைவிரல் அவர் தாடையில் இழுபட்டு, பிரைமரின் கறுப்பு அங்கே ஒரு கோடாகப் படிந்தது.

யோசிக்கும்போது தாடையைச் சொறிவது அவர் பழக்கம். ஒவ்வொரு சாயங்காலமும் நிலவறையிலிருந்து ஏறிவருகிறபோது அதே இடத்தில் அதே கறுப்பு இருக்கும். ரொட்டியைத் தொடாதீங்க, முதல்ல மூஞ்சியைக் கழுவுங்க என்று ஒவ்வொரு சாயங்காலமும் அவள் சொல்வாள்.

மார்கிட் ஒரு டிஷ்யூவை நனைத்து நீட்டினாள். "துடைச்சிடட்டுமா, மேடம்?"

"வேண்டாம்" என்றாள் லோர்னா. "அப்படியே இருக்கட்டும்."

மார்கிட் மூடியின் ஒரு முனையைத் தூக்கினாள். லோர்னா மறுமுனையைப் பிடித்தாள்.