ஒரே ஆளுக்கு ஒரு ஊசி

"நோவு வந்த கோழிக்கு ஊசி போட்டா, ஊசிதானுங்க தண்டம்!" என்று டாக்டரிடம் எரிந்து விழுந்தார் ராசப்பன். எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். வருமுன் போட்டால்தான் அது தடுப்பூசி. நோவு வந்த கோழியைக் கூண்டை விட்டு எடுத்துவிட வேண்டியதுதான். அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து போனையே நோண்டி, இப்படியொரு தடுப்பூசி இருக்கிறதென்று சேலம் ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தவள் மகள் கிருத்திகா.

டாக்டர் கோபப்படவில்லை. "இது வேறங்க. உங்க கட்டியை அறுத்தெடுத்து, அதை வெச்சு உங்களுக்கு மட்டுமே செய்யற ஊசி. மிச்சமிருக்கிற நோயை உங்க உடம்பே அடையாளம் கண்டு அடிக்கும். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

பண்ணைக்கே ஒரே மருந்தைப் போட்டுப் பழகிய மனுஷனுக்கு, தனக்கென்று ஓர் ஊசி என்றதும் நெஞ்சு நிமிர்ந்தது. "அப்ப அறுத்துருங்க."

"உங்க கட்டி ரத்தக்குழாயைச் சுத்திக்கிச்சு. கத்தி வைக்க முடியாதுங்க. கட்டியை எடுக்காம அந்த ஊசியைச் செய்யவும் முடியாது."

காரில் ஏறியதும் ராசப்பன் மகளிடம் சொன்னார்: "பொட்டிக்குள்ளயே சாவிய வெச்சுப் பூட்டிட்டாங்க, சாமி."

கிருத்திகா வண்டியை எடுத்தாள். நாமக்கல் தாண்டும்போது அவருடைய போன் அடித்தது. பண்ணையில் வேலை பார்க்கும் குழந்தைவேல்.

"ஏனுங்க, தடுப்பூசி வந்திருச்சுங்க!"

ராசப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாருக்குடா?"

"கோழிக்குத்தானுங்க."