எழுபத்தெட்டு கிலோ

எங்கள் சலவைக்கூடத்தில் துணி மூட்டைகளை நிறுக்க ஒரு தராசு இருக்கிறது. ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் நான் அதில் ஏறுவேன். அண்ணன் கண்ணில் பட்டால் போச்சு. அவன் எனக்கு வைத்த பெயரே 'மூட்டை'.

அந்த வாரம் பள்ளியில் கயிறு இழுக்கும் போட்டிக்கு எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். விளையாட்டு சார் ஆளாளுக்குப் பிடியின் வலுவை அளக்கும் ஒரு கைப்பிடிக் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். எனக்கு முள் முப்பத்தெட்டைத் தொட்டது. வகுப்பிலேயே அதுதான் அதிகம். தினமும் அம்மாவோடு ஈரப் போர்வை பிழிகிற கை, சும்மாவா? அணியில் இடம் உறுதி என்று மனசுக்குள் துள்ளினேன்.

சார் கால்குலேட்டரை எடுத்தார். ஒவ்வொருத்தியின் பிடியையும் அவள் எடையால் வகுத்தார். இருபத்தைந்து மட்டும் அழுத்திய ஒல்லிப் பெண், நாங்கள் ஈர்க்குச்சி என்று கூப்பிடுகிறவள், முதலிடத்துக்குப் போனாள். முப்பது பேரில் நான் இருபத்தெட்டு.

அம்மாவிடம் புலம்பினேன். அவள் போர்வையின் மறுமுனையை என் கையில் திணித்தாள்.

"கயித்துல ஏறணும்னா உன் வெயிட்ட நீயே தூக்கணும், அப்ப வகுக்கலாம். இழுக்கறதுக்கு எதுக்கு வகுக்கணும்? போய் அவர்கிட்டயே கேளு."

மறுநாள் கேட்டேன். பட்டியலின் கடைசி எட்டுப் பேரை எனக்குக் கொடுங்கள், முதல் எட்டுப் பேரோடு இழுத்துக் காட்டுகிறோம் என்றேன். மைதானமே சிரித்தது. சார் சிரிக்கவில்லை, கயிற்றை எடுத்துவரச் சொன்னார்.

கயிற்றை இடுப்போடு அணைத்து நான் பின்னால் நின்றேன். முதல் தடவை ஆளுக்கொரு நேரத்தில் இழுத்துத் தோற்றோம். அடுத்த தடவை நான் எண்ணினேன். ஒன்று என்றால் பிடி, இரண்டு என்றால் சாய். போர்வை பிழியும்போது அம்மா எண்ணுகிற அதே எண்ணிக்கை. எதிரணியின் கால்கள் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு வந்தன. மூன்றாவது தடவை ஈர்க்குச்சி எல்லையைத் தாண்டி வந்து விழுந்தாள். நீ மனுஷியா லாரியா என்று மூச்சிரைக்கக் கேட்டாள். அதுவரை யாரும் என்னிடம் அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

சார் தன் பட்டியலின் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

"கயிறு ஏறறதுக்கு வைக்கிற கணக்க இழுக்கறதுக்குப் போட்டுட்டேன். தப்பு என்னுது."

ஈர்க்குச்சியைக் கயிறு ஏறுகிற போட்டிக்கு மாற்றிவிட்டு, புதுப் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதினார்.

சாயங்காலம் சலவைக்கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள், அண்ணனும்தான். நேராகப் போய்த் தராசில் ஏறினேன். முள் நின்றதும் நானே உரக்கப் படித்தேன். எழுபத்தெட்டு. அண்ணன் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன்.

"எட்டுப் பேர் சேர்ந்தும் இத அசைக்க முடியல. நீ வேணா வந்து இழுத்துப் பாரு."

அவன் வரவில்லை.