பேச்சியம்மாளின் ஆட்டுக்கல்

ரப்பர் விலை படுத்த வருடம், மலாயாவின் கோத்தா திங்கியில் சபாபதியின் மளிகைக் கடையும் படுத்துவிட்டது. சுற்றுத் தோட்டங்களின் ஆட்களுக்கெல்லாம் கடனுக்கு அரிசி கொடுத்தவர் அவர். தோட்டங்கள் ஆளைக் குறைத்துக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியபோது, கடன் வாங்கியவர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவருக்குச் சரக்கு கொடுத்த ஜொகூர் பாரு தவுக்கேக்கள், சீன முதலாளிகள், கும்பிடவில்லை, வழக்குப் போட்டார்கள். சபாபதி திவால் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

சாமான்களைப் பார்வையிட விசுவலிங்கம் வந்தார். திவால் காரியங்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா; யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வருவதற்கு முன்பே சபாபதி வீட்டிலிருந்த எல்லாவற்றையும் கடை வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தார். பாய், தலையணை, பிள்ளைகளின் சட்டைகள், மனைவி பேச்சியம்மாளின் மாற்றுச் சேலை, எல்லாம் வெயிலில் கிடந்தன.

"பாயை ஏன் வெளியில கொண்டு வந்தனீர்?"

"எல்லாம் போயிரும்னு சொன்னாங்களே, ஐயா."

"படுக்கையும் உடுப்பும் போகாது. உமக்கும் பெண்சாதி பிள்ளையளுக்கும் வேணுமெல்லே? தொழில் செய்யிற சாமானையும் எடுக்கேலாது. சட்டம் அப்பிடி. உள்ளுக்குக் கொண்டு போம்."

சபாபதி நகரவில்லை. கடன் கொடுத்தவர்களுக்காக வந்த சட்டம் தன் பாயைத் தனக்கே ஏன் கொடுக்கிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. உள்ளே எடுத்துப் போனால், ஒளித்து வைத்தான் என்று நாளைக்கு ஜெயிலில் போடுவார்களோ? தலையணையை எடுத்தார். மறுபடி கீழே வைத்தார். பேச்சியம்மாள்தான் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனாள்.

"உம்மட தொழில் என்ன?"

"இந்தக் கடைதானுங்க."

"அப்ப தராசும் படிக்கல்லும் உமக்கு."

"அரிசி மூட்டை?"

"அது சரக்கு. அது போகும்."

"அப்பறம் தராச வச்சு நான் எத நிறுக்கிறதுங்க?"

விசுவலிங்கம் தாளில் தராசைக் குறித்துக்கொண்டு அடுத்த சாமானைப் பார்க்க நடந்தார்.

பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே ஆட்டுக்கல் இருந்தது. அதில் மாவரைத்துத் தினமும் காலையில் கடை முன்னால் தோசை விற்பது பேச்சியம்மாளின் வேலை. கிராணி கல்லைச் சுற்றி வந்தார்.

"இது படுக்கையுமில்லை, உடுப்புமில்லை. மளிகைக் கடைக்கும் தேவையில்லை. தோசை சுடுறது உம்மட தொழில் எண்டால் விடலாம். அவவின்ர தொழில் எண்டால், திவால் ஆனது நீர்தானே, அவ இல்லையே? அந்தச் சலுகை அவவுக்கு இல்லை." தலையைச் சொறிந்தார். "நாளைக்கு எங்கட கந்தோர்த் துரை, பெரிய அதிகாரி, வருவார். அவரே சொல்லட்டும்."

அவர் போனதும் பேச்சியம்மாள் சொன்னாள்: "நீங்கதான் ஆட்டுறதுன்னு துரைகிட்ட சொல்லிருங்க."

"நான் என்னைக்குடி ஆட்டுனேன்?"

"இன்னைக்கு ஆட்டுங்க."

ஊறிய அரிசியைக் குழியில் போட்டு, அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். பிள்ளைகள் சிரித்தன. சபாபதி குழவியைச் சுற்றினார். இன்றைக்கு ஆட்டினால் நாளைக்கு அது தொழிலாகிவிடுமா? அது தொழிலானால் தராசைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? ஒரு ஆளுக்கு இரண்டு தொழில் இருக்கலாமா? கேட்டுக் கேட்டு அவளையும் குழப்பினார்.

"வாய மூடிக்கிட்டு ஆட்டுங்க," என்றாள்.

மறுநாள் துரை வந்தார். மெலிந்த வெள்ளைக்காரர், தொப்பியால் விசிறிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தார். கல்லுக்கு முன்னால் நின்று ஏதோ கேட்டார்.

"தொழில் என்ன எண்டு கேக்கிறார்," என்றார் விசுவலிங்கம்.

சபாபதி மனைவியைப் பார்த்தார். "கடைங்க. ஆட்டுறதும் உண்டுங்க."

"ஆட்டிக் காட்டட்டுமாம்."

சபாபதி உட்கார்ந்தார். ஒரு சுற்றில் மாவு தெறித்துத் துரையின் வெள்ளைக் காற்சட்டையில் விழுந்தது. அடுத்த சுற்றில் குழவி கையைவிட்டு நழுவியது. பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ, எந்திரிங்க!" என்று அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். வலது கை சுற்ற, இடது கை மாவைத் தள்ள, கல் சீராக ஓடியது. அப்புறம்தான், தான் செய்துவிட்ட காரியம் அவளுக்கு உறைத்தது. கையை எடுத்துக்கொண்டு கண் கலங்க நின்றாள்.

துரைக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டதை விசுவலிங்கம் மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கல்லை ஆர் வாங்கினது?"

"நான்தாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ரப்பர் மரத்துல பால் வெட்டுன காசுல வாங்குனேன். அப்ப கூட இருந்த காளியம்மாவக் கேட்டுப் பாருங்க," என்றாள் பேச்சியம்மாள்.

"இதை ஏன் நேற்றுச் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலையே."

துரை தலையாட்டிவிட்டு நடந்தார். "கல்லு அவவின்ர. இந்த வழக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம்," என்றார் விசுவலிங்கம்.

"அப்ப நான் அதுல ஆட்டலாமா, ஆட்டக்கூடாதாங்க?" என்று கேட்டார் சபாபதி.

அதை விசுவலிங்கம் மொழிபெயர்க்கவில்லை.

மூட்டைகள் லாரியில் போயின. காலிக் கடையில் சபாபதி எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். விடிந்ததும் பேச்சியம்மாள் வழக்கம்போல் அடுப்பு மூட்டினாள். "தண்ணி எடுத்துட்டு வாங்க," என்றாள். அவர் வாளியோடு ஆற்றுக்குப் போனார். எவ்வளவு தண்ணீர் வேண்டுமென்று கேட்க மறந்துவிட்டதால் இரண்டு நடை நடந்தார்.

இரண்டாம் நடை திரும்பி வரும்போது படகுக்காரன் ஒருவன் தோசை தின்றுகொண்டிருந்தான்.

"தவுக்கே, நாளைக்குக் காசு தரேன். கடன் உண்டா?"

சபாபதி வாளியை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார்.

"அந்தம்மாகிட்ட கேளுப்பா," என்றார்.