பதினேழாவது வீடு

கல்லறைத் தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தபோது கலெர்வோ தேவாலய மண்டபத்தின் மேசைக்கு அடியில் இருந்தான். கறுப்புக் கோட்டின் பின்பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. காலணிப் பனியை வாசலில் தட்டிவிட்டு வந்தவர்கள், முகத்தில் தயாராக வைத்திருந்த துக்கத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் அந்தப் பின்பக்கத்துக்கே காட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

"அக்கா, போன் சாக்கெட் எங்க இருக்குன்னு அந்தம்மாகிட்ட கேளேன்," என்றது மேசை.

அந்தம்மா என்றால் மண்டபச் சமையலறைக்காரி. இர்மெலி கேட்கவில்லை. கணவர் தௌனோவைக் குழிக்குள் இறக்கி நாற்பது நிமிடம்தான் ஆகிறது. பிப்ரவரி மண் கல்லாய் உறைந்து கிடந்ததால் தோண்டுவதற்கே இரண்டு நாள் பிடித்திருந்தது. அவள் கையுறையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"கிடைச்சிருச்சு! ஆர்மோனியத்துக்குப் பின்னாடி!"

தம்பி எழுந்து நின்று முழங்காலைத் தட்டினான். மண்டபத்துப் போனின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, மேசைமேல் கம்ப்யூட்டரோடு இருந்த மோடத்தின் கம்பியைச் செருகினான். பிடுங்கிய போனை ஞானப்பாட்டுப் புத்தகங்களின் மேல் வைத்தான்.

கலெர்வோவின் உயர்வு கெலோலம்பி ஊருக்கே தெரிந்த கதை. பத்தொன்பது வருடம் ஊராட்சி அலுவலகத்தில் பனி அள்ளும் வண்டிகளுக்கு நேர அட்டவணை போட்டவன். போன செப்டம்பரில், கெலோலம்பியும் தகவல் சமுதாயத்துக்குள் நுழைந்தாக வேண்டும் என்று ஊராட்சி மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. செப்டம்பரில் பனி விழாது. ஆகவே அலுவலகத்தில் சும்மா இருந்த ஒரே மனிதன் தகவல் சமுதாய ஒருங்கிணைப்பாளர் ஆனான். முதல் வேலையாகப் பெயர் அட்டை அச்சடித்துக்கொண்டான். இரண்டாவது வேலையாக, ஜனவரி முடிவதற்குள் நூறு வீடுகளுக்கு இண்டர்நெட் என்று அறிவித்தான். ஜனவரி கடைசி வாரத்தில் பதினாறு வீடு ஆகியிருந்தது.

பதினேழாவது, அக்காள் வீடு.

அந்தச் செவ்வாய்க்கிழமை தௌனோ சுகாதார நிலையத்தில் படுத்து நான்காவது நாள். நுரையீரலில் நீர். மூன்று ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிய இர்மெலியை நர்ஸ் மார்கெத்தா மத்தியானம் வீட்டுக்கு விரட்டினாள். "போய்க் குளிச்சு உடுப்பு மாத்திட்டு வாங்க. ஏதாவதுன்னா உடனே போன் பண்றேன். டாக்ஸியில பத்து நிமிஷம்தானே."

வீட்டு வாசலில் கலெர்வோ ஒரு கம்ப்யூட்டர் பெட்டியோடும் பிரவுசர் அடங்கிய ஏழு பிளாப்பியோடும் நின்றுகொண்டிருந்தான்.

"மாச அறிக்கை நாளைக்குப் போகணும் அக்கா. பதினாறுன்னு எழுதினா நல்லாவா இருக்கும்? நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு, நான் பாட்டுக்கு மாட்டிட்டுப் போறேன். அத்தான் வந்ததும் சாஞ்சு உக்காந்துக்கிட்டு உலகத்தையே பாக்கலாம்."

இர்மெலி கேட்க வேண்டியதைக் கேட்டாள். அவள் முப்பத்து நான்கு வருடம் ஒரு தொலைபேசி லைன்மேனோடு வாழ்ந்தவள். "டேய், ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வரும். இது போன் கம்பியிலதானே போகுது?"

சின்னக் குழந்தையிடம் சிரிப்பதுபோல் கலெர்வோ சிரித்தான். "அக்கா, அது போன். இது நெட். ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது."

அவன் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னான். அலுவலகத்தில் அவனுக்கு எட்டு லைன் இருந்தது. எது எந்த லைனை விழுங்குகிறது என்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒருங்கிணைப்பாளர் வேலை அதுவல்ல.

இரண்டு பத்துக்கு மோடம் கிறீச்சிட்டது. ஊராட்சியின் முகப்புப் பக்கம் இறங்க ஆரம்பித்தது. ஊர்ச் சின்னத்தில் உள்ள காட்டுக்கோழிக்கு முதலில் கொண்டை வந்தது. பிறகு, நான்கு நிமிடம் கழித்து, அலகு. கலெர்வோவின் கண் கலங்கிவிட்டது. இரண்டரைக்கு இர்மெலி வார்டில் விசாரிக்கலாம் என்று ரிசீவரை எடுத்தாள். காதுக்குள் இரும்பைத் தேய்ப்பதுபோல் ஓர் இரைச்சல்.

"வை, வை! கட்டாயிடும்! மறுபடி முதல்லேர்ந்து பண்ணணும்!"

வைத்தாள்.

மூன்று ஐம்பதுக்கு டாக்ஸிக்காரன் வந்து கதவைத் தட்டினான். வார்டிலிருந்து அனுப்பினார்களாம். போன் கிடைக்கவே இல்லையாம்.

*

காபி ஊற்றப்பட்டது. மீனும் முட்டையும் அடுக்கிய ரொட்டிக் கேக்கைச் சமையலறைக்காரி துண்டு போட்டாள். இரண்டாவது கோப்பைக்குப் பிறகு இரங்கல் அட்டைகளைச் சத்தமாக வாசிப்பது அந்த ஊரில் வழக்கம். அட்டைகள் வெள்ளித் தட்டில் அடுக்காக இருந்தன. போதகர் தட்டை நோக்கிக் கை நீட்டும்போது கலெர்வோ முந்திக்கொண்டான்.

"அட்டைங்க இருக்கட்டும், அதுங்க எங்கயும் போயிடாது. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நம்ம மாகாணத்துலயே முதல் தடவையா, ஒரு நினைவுப் பக்கம். நெட்ல. இந்த நிமிஷம் உலகத்துல யார் வேணா என் அத்தானுக்கு அஞ்சலி செலுத்தலாம்."

ஊராட்சி மேலாளர் கைதட்டப் போய், இடம் நினைவுக்கு வந்து, கையைத் தேய்த்துக்கொண்டார்.

மோடம் கூவியது. துக்க வீட்டுக்கு அது பொருத்தமான சத்தமாகவே இருந்தது. திரையில் ஒரு படம் மேலிருந்து கீற்றுக் கீற்றாக இறங்கியது. முதலில் வானம். பிறகும் வானம். தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கத்தின் லைன்மேன்கள் ஐந்து பேர் தட்டோடு எழுந்து வந்து நின்றார்கள். ஒரு கம்பத்தின் உச்சி வந்தது.

"ரான்தலா முக்கு," என்றான் ஆர்வி. தௌனோவிடம் வேலை பழகி, இப்போது கோளாறுப் பிரிவில் உட்கார்ந்திருப்பவன்.

"போடா. ரான்தலாவுல எட்டுப் பீங்கான் குமிழ். இதுல ஆறுதான்."

"இரு, அடுத்த கீத்து வரட்டும்."

எட்டுதான். பிறகு ஒரு தொப்பி வந்தது. தொப்பிக்குக் கீழே தௌனோ, நாற்பது வயது, பல்லில் ஒரு திருப்புளியைக் கடித்துக்கொண்டு. அவருடைய பூட்ஸ் வந்து சேர்ந்த பிறகு எழுத்துகள் வந்தன.

"தௌனோ ஹுத்தினென், ஓய்வுபெற்ற லைன்மேன். அன்புக்குரியவர்கள் சூழ அமைதியாகக் கண்ணயர்ந்தார்."

இர்மெலி எழுந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"இதை யாருடா எழுதினது?"

"நான்தான். ஏன், நல்லா இல்ல?"

"யாரு சூழ இருந்தாங்க?"

"அக்கா, அது ஒரு முறை. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"நான் பேப்பருக்குப் பேரும் தேதியும்தான் குடுத்தேன்."

"அதான் மொட்டையா இருந்துச்சு."

"மாத்து."

"இப்பவா? எல்லாரும் உக்காந்திருக்காங்க. உலகமே பாத்துக்கிட்டு இருக்கு."

"எத்தனை பேரு பாத்திருக்காங்க?"

பக்கத்தின் அடியில் ஓர் எண்ணிக்கைப் பெட்டி இருந்தது. கலெர்வோ அதைக் கையால் மறைக்கப் பார்த்தான். பதினொன்று.

"அதுல நீ எத்தனை?"

"சரியா இருக்கான்னு பாக்கணும்ல..." என்றான். "ஒன்பது. மீதி ரெண்டு நிஜமாவே வெளியாளுங்க."

"ஒண்ணு நான்," என்றார் ஊராட்சி மேலாளர். பிறகு, சொன்னதற்குத் தக்க கனத்தோடு எழுந்து நின்றார். "இர்மெலி, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. அன்னைக்கு நடந்ததைக் கலெர்வோ என்கிட்ட சொன்னான். ஆனா போன் கிடைக்காததுக்கு நெட்தான் காரணம்னு எப்படிச் சொல்ல முடியும்? பனிக்காலம். லைன்ல ஏதாவது கோளாறு இருந்திருக்கலாம். ஒரு பெரிய மாற்றம் வர்றப்போ சின்னச் சின்ன அசௌகரியம் இருக்கத்தான் செய்யும்."

"அசௌகரியமா?" என்றாள் இர்மெலி. "அவரு கண்ணை மூடின மூணு இருபதுக்கு எனக்கு ஒரு அசௌகரியமும் இல்லையே. அடுப்படியில காபி போட்டுக்கிட்டிருந்தேன். இவனுக்கு."

மண்டபத்தில் யாரோ கரண்டியைத் தட்டில் மெதுவாக வைத்தார்கள். கடைசி வரிசையில் நர்ஸ் மார்கெத்தா எழுந்தாள். சீருடை இல்லாமல் அவளைப் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியவில்லை.

"லைன்ல கோளாறு இல்லைங்க. நான் கேட்டேன்."

"யாரைக் கேட்டீங்க?" என்றார் மேலாளர்.

"ஏழு தடவை போன் போட்டேன். ஏழு தடவையும் எங்கேஜ். அவரு கண்ணைத் திறந்து என்னன்னாரு. உங்க வீடு எங்கேஜா இருக்குன்னேன். 'எவ்வளவு நேரமா?'ன்னாரு. அரை மணி நேரமான்னேன்." மார்கெத்தா இர்மெலியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். "'அவ போன்ல ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசினதே இல்ல. அது கோளாறு. கோளாறுப் பிரிவுக்குச் சொல்லிடுங்க'ன்னாரு. நம்பரும் அவரே சொன்னாரு. அப்புறம் பேசல."

இர்மெலிக்கு இது புதுச் செய்தி.

"அந்தப் புகாரை நான்தான் எடுத்தேன்," என்றான் ஆர்வி. கையில் கேக் தட்டு அப்படியே இருந்தது. "மூணு பத்துக்கு. லைனைச் சோதிச்சேன். ஒரு பழுதும் இல்ல, யாரோ பேசிக்கிட்டிருக்காங்கன்னு காட்டுச்சு. கோளாறு இல்லைன்னு எழுதி, புகாரை மூடிட்டேன். விதி அப்படி." தட்டை மேசையில் வைத்தான். "அது தௌனோ சொன்ன புகாருன்னு எனக்குத் தெரியாது."

ஆர்வி கலெர்வோவின் பக்கம் திரும்பினான். திட்டப்போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆர்விக்குத் தொழில் சந்தேகம்தான் முதலில் வந்தது.

"அதுசரி, அந்த வீட்டுல ரெண்டு ஜோடிக் கம்பி, ரெண்டு லைன் இருக்கே. நீ ஏன் ரெண்டாவதுல மாட்டல?"

"எந்த ரெண்டாவது?"

"எழுபத்தி நாலுல தௌனோவே இழுத்தது. படுக்கையறையில அலமாரிக்குப் பின்னாடி சாக்கெட் இருக்கு. எங்களுக்கு ஒரு போன் போட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல திறந்து விட்டிருப்போம். சங்கத்து ஆளுக்குக் கட்டணம்கூட இல்ல."

"யாரும் என்கிட்ட சொல்லலையே," என்றான் கலெர்வோ.

"நீ கேட்டியாடா?"

கலெர்வோ ஊராட்சி மேலாளரைப் பார்த்தான். மேலாளர் ரொட்டிக் கேக்கின் அடுக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"உக்காரு," என்றாள் இர்மெலி. "நான் சொல்றேன், நீ அடி."

அவன் உட்கார்ந்தான். ஒருங்கிணைப்பாளர் ஆன பிறகு யாரும் சொல்லி அவன் தட்டச்சு செய்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"தௌனோ ஹுத்தினென். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு இருபதுக்கு இறந்தார்."

விசைகள் தட்டின.

"பக்கத்துல நர்ஸ் மார்கெத்தா இருந்தாங்க."

"பேரோடவா?"

"பேரோட. வீட்டுப் போன் ஒரு மணி நாற்பது நிமிஷம் எங்கேஜா இருந்துச்சு."

"அக்கா..." கலெர்வோ குரலைத் தாழ்த்தினான். "திட்டத்துக்கே கெட்ட பேராயிடும். இன்னும் எண்பத்தி மூணு வீடு இருக்கு."

"அவங்களுக்கும் போன் வரும். அடி."

அடித்தான். கழுத்து சிவந்திருந்தது. வாக்கியம் முடிந்ததும் விரல்களை விசைகளின் மேலேயே வைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான். "யாராலன்னும் போடணுமா? என் பேரையுமா?"

மண்டபம் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சொல் போதும். பதினெட்டு நாளாக அந்தச் சொல்லை அவள் எல்லா விதமாகவும் சொல்லிப் பார்த்திருந்தாள். படுக்கையில், குளியலறையில், இன்று காலை சவப்பெட்டிக்குப் பின்னால் நடக்கும்போதும்.

"வீட்டுல இருந்தவங்களாலன்னு போடு," என்றாள்.

கலெர்வோ தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தான். அன்றைக்கு வீட்டில் இருந்தது எத்தனை பேர் என்பது அவனுக்குத் தெரியும். இரண்டரை மணிக்கு ரிசீவரை எடுத்தது யார், திரும்ப வைத்தது யார் என்பதும் தெரியும். ஏதோ சொல்ல வாய் எடுத்தான்.

"அடிடா."

அடித்தான். பக்கம் நெட்டுக்கு ஏறி, திரும்ப இறங்கியது. வானம், கம்பம், தொப்பி, பூட்ஸ், புது எழுத்துகள். எண்ணிக்கைப் பெட்டி பன்னிரண்டு என்றது. லைன்மேன்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து படித்துவிட்டு நாற்காலிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு போதகர் வெள்ளித் தட்டை எடுத்து அட்டைகளை வாசித்தார். மொத்தம் நாற்பத்தொன்று.

நாலரை மணி சுமாருக்கு வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. அக்கரைப் பண்ணைகளிலிருந்து வந்திருந்த மூன்று வயதான பெண்கள் கோட்டை மாட்டிக்கொண்டு ஆர்மோனியத்தின் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"டாக்ஸி கூப்பிடணும்," என்றாள் ஒருத்தி, யாரையும் குறிப்பிடாமல். "இப்ப பண்ணலாமா? இல்ல, இன்னும் உலகம் பாத்துக்கிட்டிருக்கா?"

ஆர்வி குனிந்து மோடத்தின் கம்பியைப் பிடுங்கி, போனின் கம்பியைச் செருகினான். ரிசீவரை அந்தக் கிழவியிடம் நீட்டினான். இர்மெலி குறுக்கே வந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"டயல் சத்தம் வருதான்னு பாக்கறேன்," என்றாள்.

காதில் வைத்தாள். வந்தது. ஏற்ற இறக்கமில்லாமல், நீளமாக, யார் எண்ணைச் சுழற்றினாலும் சரி என்பதுபோல் வந்துகொண்டே இருந்தது.

கிழவிகள் மூவரும் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டு முடித்தார்கள். கையுறைகளையும் மாட்டினார்கள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.