கரியாலூர் என்று சொன்னபோது

"மேடையில என் பேரக் கூப்புட வேணாம்னு பிரின்சிபால்கிட்ட சொன்னது நீங்கதானே சார்?"

"மெதுவா பேசும்மா. நான் உன்..."

"மெதுவா பேசிக்கினு இருந்ததுலதான் இப்படி ஆச்சு."

"...நல்லதுக்குத்தான்னு சொல்ல வுடேன்."

சட்டக் கல்லூரி நூலகத்தில் நூலகர் அமிர்தமும் விரிவுரையாளர் அரங்கநாதனும் இப்படி முட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் இருவருக்கும் பாராட்டு விழா. அரங்கநாதன் டெல்லி மாநாட்டில் மலைமக்களின் நில உரிமை பற்றிக் கட்டுரை படித்துவிட்டு வந்திருந்தார். கல்வராயன் மலை நில வழக்குகளைத் தொகுத்ததற்காக அவளுக்கு நூலகர் சங்கத்தின் பரிசு. லீவு நாளெல்லாம் மலையேறி, சொந்த ஊரான கரியாலூரில் தொடங்கி வீடு வீடாகக் கேட்டுத் திரட்டிய தொகுப்பு. அவர் கட்டுரை எழுதியதே அதைப் பார்த்துத்தான்.

"இடஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்த வெட்டிப் போட்டுக்கீறாங்க. இந்த நேரத்துல கோட்டாவுல வந்த உனக்குப் பொன்னாடை போத்தினா பசங்க கலாட்டா பண்ணுவாங்க."

"டெல்லியில எங்க உரிமையப் பத்திப் பேசினீங்களே, அங்க யாரும் பண்லியா?"

அவர் சிரித்து மழுப்பினார். "என் பேச்சுலயே உன் பேரச் சொல்றேன். இது அமிர்தம் செஞ்ச வேலைன்னு மைக்குலயே சொல்றேன். போதுமா?"

அந்தச் சொல்லுக்குத்தான் அவள் இறங்கி வந்தாள். பஸ் ஓடாததால் அம்மா சாலம்மாள் முந்தின நாளே மலையிலிருந்து புறப்பட்டு நடந்தே வந்திருந்தாள், மகள் பேரை மைக்கில் கேட்க.

விழாவில் அரங்கநாதன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தார். "கரியாலூர்! அங்கே நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அந்த மக்களின் கண்ணீரை என் கையால் எழுதிக்கொண்டேன்."

கைதட்டல். அமிர்தம் காத்திருந்தாள். அவள் பேர் வரவேயில்லை. நன்றி கூறி முடித்தேவிட்டார்.

கடைசி வரிசையில் சாலம்மாள் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள். நில வழக்குக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தவள். அங்கே ஊர்ப்பேரைக் கூப்பிட்டதும் எழுந்து நிற்காவிட்டால் வாய்தா போட்டுவிடுவார்கள். கரியாலூர் என்று காதில் விழுந்ததும் எழுந்தவள்தான், இன்னும் உட்காரவில்லை. மாணவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமிர்தம் அவள் முந்தானையை இழுத்தாள். "உக்காரும்மா. இது கோர்ட்டு இல்ல."

"இருடி. ஊருக்கு வந்ததாச் சொல்றாரே."

மலைக்கு வந்தவர் யாரும் அங்கே வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை. சாலம்மாள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு மேடையைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏஞ்சாமி, யாரு வூட்டுல சாப்டீங்க?"