முட்டையைக் கழித்தால் எவ்வளவு

என்னைக் குடியிலிருந்து மீட்க முப்பது நாளைக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் ஆகும் என்றார் மேலாளர் செல்வமுருகன். என்னை மொத்தமாக விற்றாலும் அவ்வளவு தேறாது என்பது என் மனைவி அன்னக்கொடியின் முகத்தில் தெரிந்தது.

2006, ஐப்பசி கடைசி. வத்தலக்குண்டைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்தது அந்த மறுவாழ்வு இல்லம். எங்கள் ஊர் பூண்டியில் வெள்ளனே முதல் பஸ் ஏறி, கொடைக்கானலில் மாறி, மலை இறங்கி வந்திருந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். "குடிச்சாத்தான் வாந்தின்னு நெனச்சேன். குடிக்காட்டியும் வாந்திதானா" என்று கேட்டுவிட்டு அன்னக்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பதினெட்டாயிரத்துல என்னென்ன சார் அடங்கும்?" என்று இப்போது செல்வமுருகனைக் கேட்டாள்.

"மூணு வேளை சாப்பாடு, மருந்து, யோகா, கவுன்சிலிங். சாயங்காலம் டிவி. ஞாயித்துக்கெழமை முட்டை."

அன்னக்கொடி வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விற்றுப் பழகியவள். எதிராளியின் கணக்கில் ஓட்டை எங்கே என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள்.

"முட்டையைக் கழிச்சா எவ்வளவு?"

"முட்டைக்குத் தனி ரேட்டு இல்லம்மா."

"இவரு டிவி பாக்க மாட்டாரு. அதையும் கழிங்க."

"பாப்பேன்" என்றேன். இரண்டு பேருமே என் பக்கம் திரும்பவில்லை.

"சரி, பாதி நாளு வச்சுக்கிட்டுப் பாதி ரூவா வாங்கிக்கங்க."

"பாதி நாள்ல பாதிதான் குணமாகும்மா."

"பாதி போதும் சார். காலையில குடிக்காம இருந்தாச் சரி. சாயங்காலத்தை நான் பாத்துக்கிறேன்."

செல்வமுருகன் நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, முப்பது நாளுக்குக் குறைந்து சேர்ப்பதில்லை, பாதிக்குப் பாதி முன்பணம் என்றார். தன் செல்போன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அன்னக்கொடி அதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்தாள். எங்கள் வீட்டில் மிச்சமிருந்தது விதைப்பூண்டு நான்கு மூட்டை. அதை விற்றால் அடுத்த வெள்ளாமை இல்லை.

நாங்கள் அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் இருந்தது. மகள் ஸ்வேதா ஆறாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் வழியில் தைரியத்துக்காகக் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடம் என்றாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து பயம். பிறகு தலைமையாசிரியரின் நாற்காலியில் நானே உட்கார்ந்துகொண்டு, உள்ளே வந்த அவரிடம், "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா, அப்பத்தான் கிளாசுக்குள்ள விடுவேன்" என்று சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. ஸ்வேதாவுக்கு இருக்கிறது. அதிலிருந்து என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் கோழியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அன்னக்கொடி அன்று சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவை ஓன் வாயில அந்த வாடை வந்துச்சுன்னா, நானும் பிள்ளையும் கவுஞ்சிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவோம். திரும்ப மாட்டோம். கோழி வேணா ஒங்கூட இருக்கட்டும்" என்றாள். அவள் சத்தம் போட்டுச் சொல்லும் எதையும் செய்ததில்லை. மெதுவாகச் சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கறுப்பு வேட்டிக்காரர்கள் நாலு பேர் ஏறினார்கள். கார்த்திகை பிறக்கும் முன்பே மாலை போட்டவர்கள். அதில் ஒருவனை அன்னக்கொடிக்குத் தெரியும். நான் குடிக்கிற இடங்களில் எனக்கும் தெரியும். திருநீறு மினுங்க, பச்சைப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். அன்னக்கொடி அவனையே பெருமாள்மலை வரை பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அந்த மாலை என்ன வெல இருக்கும்?" என்றாள்.

"முப்பது ரூவா."

"எத்தன நாளு?"

"நாப்பத்தெட்டு."

அவள் உதடு அசைந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

கார்த்திகை முதல் தேதி எங்கள் ஊர் குருசாமி மலைச்சாமி என் கழுத்தில் துளசிமாலை போட்டார். பதினேழு தடவை சபரிமலை போனவர்; மற்ற நாட்களில் கேரட் கமிஷன் பார்ப்பவர். "சேனாதிபதி, சாமி விளையாட்டு இல்லப்பா. சுத்தமா இருக்கணும்" என்றார்.

"அதுக்குத்தானே போடுறோம்" என்றாள் அன்னக்கொடி.

மறுவாழ்வு இல்லத்தில் யோகா. எங்கள் ஊரில் பச்சைத் தண்ணீர். பூண்டுத் தாள் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கிற நேரத்தில், குழாயடியில் நின்று தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். சரண கோஷத்தை ஊரிலேயே சத்தமாகப் போட்டவன் நான்தான். பக்தி என்று நினைத்தார்கள். குளிர்.

முதல் வாரம் கை நடுங்கியது. பஜனையில் அதைப் பார்த்தவர்கள் அருள் வந்துவிட்டது என்று திருநீறு கேட்டார்கள். கொடுத்தேன். இரண்டு பேருக்குக் காய்ச்சல் விட்டதாகச் சொன்னார்கள்.

ஆனால் வீட்டில் நடந்ததுதான் நான் எதிர்பாராதது. மாலை போட்டவனைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், மரியாதை குறையக் கூடாது. பதினான்கு வருஷமாக "ஏய்யா" என்று மட்டும் கேட்ட காது இது.

"சாமி, எந்திரிங்க சாமி. மாட்டுச் சாணி கெடக்கு, அள்ளிப் போடுங்க சாமி."

திட்டுவதும் அப்படியே. "சாமிக்கு அறிவு இருக்குங்களா? அடுப்பு அணையிறது தெரியலீங்களா?"

பத்தாம் நாள் நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றபோது ஸ்வேதா கோழியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே, "சாமி, தள்ளுங்க. ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்றாள். தள்ளிக்கொண்டேன். தள்ளின இடத்திலேயே ரொம்ப நேரம் நின்றிருந்தேன்.

முப்பதாம் நாள், சனிக்கிழமை காலை, கீழத்தெருக் காத்தமுத்து செத்துப்போனான்.

காத்தமுத்து என் பங்காளி. எங்கள் தாத்தாவும் அவன் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். வாய்க்கால் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பதினெட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. டாஸ்மாக்கில் மட்டும் உண்டு. நாற்பத்தொரு வயது. ஈரல் போய்விட்டது என்று மதுரையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பங்காளி செத்தால் பதினாறு நாள் தீட்டு. தீட்டு வந்தால் மாலையைக் கழற்ற வேண்டும். துஷ்டி சொல்ல வந்தவன் வாயைத் திறந்து மூடுவதற்குள் அன்னக்கொடி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மலைச்சாமி வீட்டுக்கு நடந்தாள்.

"குருசாமி, அவுக எங்களுக்குப் பங்காளியே இல்ல."

மலைச்சாமி கேரட் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரு தாத்தாவும் அண்ணன் தம்பிதானேம்மா."

"பதினெட்டு வருசமாப் பேச்சு இல்ல. கோயில் வரி தனி. நல்லது கெட்டதுக்குப் போறதில்ல."

"பேசலேன்னா ரத்தம் மாறிப் போயிருமா?"

அன்னக்கொடி கொஞ்சம் யோசித்தாள். "இவரைத் தத்துக் குடுத்துட்டா?"

மலைச்சாமி எண்ணிக்கையை விட்டுவிட்டார். "முப்பத்தெட்டு வயசு ஆம்பளையை யாரும்மா தத்து எடுப்பா?"

"எங்கண்ணன் எடுப்பாரு. கவுஞ்சியில. இப்பவே ஆள் விட்டாச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம்."

"ஏம்மா, ஒங்கண்ணன் தத்து எடுத்தா சாமி ஒனக்கு மருமகன் முறையாயிருவாரு."

"ஆகட்டும். மருமகன் குடிக்காம இருந்தாச் சரி."

மலைச்சாமிக்கே மனசு இளகிவிட்டது. பழனியில் தன்னுடைய குருசாமியைக் கேட்டுவிடலாம் என்றார். எங்கள் ஊரில் செல்போன் வேலை செய்கிற இடம் மேட்டில் இருக்கிற ஒரு பாறைதான். மூன்று பேரும் ஏறினோம். மலைச்சாமி பாறை நுனியில் ஒற்றைக்காலில் நின்று விஷயத்தைச் சொன்னார். பேச்சில்லை, வரி தனி, வாய்க்கால், எல்லாம் சொன்னார். தத்து விஷயத்தையும் சொன்னார். பிறகு, பங்காளி எப்படிச் செத்தான் என்று அந்தப் பக்கம் கேட்டதற்கு, "குடிச்சுத்தாங்க" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தார்.

"கழட்டணுமாம்."

அன்னக்கொடி பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மலைச்சாமி மாலையைக் கழற்றும்போது, அது என் காதில் மாட்டிக்கொண்டது. நிதானமாக எடுத்துவிட்டார். கழுத்தில் காற்றுப் பட்டது. முப்பது ரூபாய்ச் சாமான் அவ்வளவு கனமாக இருந்திருக்கிறது.

"கேதத்துக்குப் போகணும். பங்காளி போகாம இருக்க முடியாது" என்றேன்.

"போ" என்றாள். சாமியும் போயிற்று, ஏய்யாவும் வரவில்லை.

கேத வீட்டில் முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் நாங்கள். குழி வெட்டப் போகிற பங்காளிகளுக்கு ஊற்றிக் கொடுப்பது வழக்கம். குளிருக்கு என்பார்கள். வெயிற்காலமாக இருந்தால் களைப்புக்கு என்பார்கள். என் கையிலும் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வந்தது. யாரோ ஒருவன், "ஏலே, சாமிக்கு ஊத்தாத" என்றான். "மாலைதான் இல்லையேடா" என்றான் ஊற்றியவன். எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். நியாயமான பதில் என்று பட்டது அவர்களுக்கு. எனக்கும்தான் பட்டது. பொய் சொல்வானேன், டம்ளர் உதட்டுக்கு நாலு விரல் தூரம் வரைக்கும் வந்துவிட்டது. அந்த வாடை, முப்பது நாளாகப் பார்க்காத பழைய கூட்டாளி மாதிரி தோளில் கை போட்டது.

அப்போது தண்ணீர்க் குடம் எடுக்கப் பின்பக்கம் வந்தாள் காத்தமுத்துவின் மனைவி வீரம்மாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தாள். டம்ளரைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தாள்.

"சாமி, ஒங்க மாலையைக் கழட்ட வச்சிட்டாரே சாமி" என்றாள். "இருந்தப்பத்தான் ஒருத்தரையும் நல்லா இருக்க விடல. செத்தும் கெடுத்துட்டாரே. அன்னக்கொடிகிட்ட என்னைய மன்னிக்கச் சொல்லுங்க."

பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பேச்சு அது. புருஷன் செத்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டவளை என்ன சொல்லித் தேற்றுவது? டம்ளரை அவள் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு, அங்கே வைத்தால் யாராவது தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள் என்று எடுத்தேன். எடுத்தால் கையில் இருக்கிறது. கடைசியில் வேலியில் ஊற்றினேன். ஊற்றிக் கொடுத்தவன் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது மாதிரி பார்த்தான்.

குழி வெட்டினேன். பனி ஊறிய மண், சீக்கிரம் இறங்கியது. வெட்டி முடிக்கும்வரை பதினாறு நாளைத்தான் எண்ணினேன். பதினாறு நாள் மட்டும். அதற்குப் பிறகு தைப்பூசம் இருக்கிறது, பழனிக்கு மாலை போட்டுக்கொள்ளலாம். நடுவில் கிடக்கிற இந்தப் பதினாறுதான் சோலியை முடித்துவிடும்.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டு, மலைச்சாமியிடம் போனை வாங்கிக்கொண்டு பாறைக்கு ஏறினேன். அங்கே அன்னக்கொடி காலையில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பக்கத்தில், இடையில் வீட்டுக்குப் போய் எடுத்து வந்த ஒரு துணிப்பை. கவுஞ்சிக்குப் போகிற பை. நான் கிட்டே போனதும் எழுந்து, என் வாய்ப் பக்கம் முகத்தைக் கொண்டுவந்து மோந்து பார்த்தாள். பூண்டு பார்ப்பது மாதிரி, இரண்டு தடவை.

"அந்தச் சீட்டைக் குடு" என்றேன்.

சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நம்பரைப் போட்டேன்.

"சார், நான் சேனாதிபதி. பூண்டி. பதினாறு நாளைக்கு மட்டும் எடுப்பீங்களா?"

"முட்டையைக் கழிக்கச் சொன்னவங்களா?" என்றார் செல்வமுருகன்.

"ஆமா சார். மாலையைக் கழட்டும்படி ஆகிப்போச்சு. திரும்பப் போடப் பதினாறு நாள் ஆகும். அதுவரைக்கும் என்னைய எங்கயாவது வைக்கணும்."

சிக்னல் போய்விட்டதோ என்று ஒற்றைக்காலுக்கு மாறினேன்.

"இந்த நம்பருக்கு இதுவரைக்கும் வீட்டுப் பொம்பளைங்கதாங்க கூப்பிட்டிருக்காங்க" என்றார். "குடிக்கிறவரே கூப்பிட்டது நீங்கதான். வாங்க. நாள் கணக்கை வந்து பேசிக்கலாம்."

"முன்பணம் இல்ல சார். பூண்டு இருக்கு. விதைப்பூண்டு."

"மலைப்பூண்டா?" என்றார். அவர் குரலில் ஒரு ஆசை தெரிந்தது. "இங்க எல்லாருக்கும் வாயுத் தொல்லை. ஒரு மூட்டை கொண்டாங்க. பாக்கியைப் பையப் பாப்போம்."

நான்கில் ஒன்று போனால் மூன்று. வெள்ளாமையில் கால்வாசி. தாங்கும்.

அன்னக்கொடி போனைப் பிடுங்கினாள். நான் பயந்துவிட்டேன், ஒரு மூட்டையை அரை மூட்டை ஆக்கப் போகிறாள் என்று.

"சார், முட்டையைக் கழிக்க வேணாம்" என்றாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு வெள்ளனே கூட்டிட்டு வந்துர்றேன். நாளைக்கு ஞாயித்துக்கெழமை. வெரசா வந்துட்டா நாளைக்கும் முட்டை உண்டுங்கள்ல? பதினாறு நாள்ல மூணு ஞாயிறு வருது. மூணு முட்டை. எழுதி வச்சுக்கங்க."

போனை என்னிடம் நீட்டினாள். துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஏய்யா" என்றாள், "எறங்கு. பையில என் துணியை எடுத்துட்டு ஓன் துணியை வைக்கணும்."